ஜூலை மாதத்து நோட்டு

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம். வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக 16,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தேன். அதை விட்டுவிட்டுப் போன வருஷம் மார்ச்சில் ஊரிலேயே சின்னதாக ஒரு பேக்கரி தொடங்கினேன். வர்க்கி, ராகி பிஸ்கட், டீ கேக், பிரெட், பன் போடுகிறோம். மாமனார் வீட்டுப் பின்கட்டில் விறகு அடுப்பு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு ஒரு கவுண்டர். முத்ரா கடன் 3 லட்சம், என் சேமிப்பு 1 லட்சம். ஒரு மாஸ்டரும் உதவிக்கு ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். ஒன்பது டீக்கடைக்குப் பன்னும் பிரெட்டும் கொடுக்கிறோம், அதில் பெரிய லாபம் இல்லை. நாலு ரிசார்ட்டுக்கு வர்க்கி போகிறது. வாட்ஸ்ஆப் ஆர்டரில் பெங்களூருக்கும் கூரியர் அனுப்புகிறேன்.

பிப்ரவரியோடு ஒரு வருஷம் முடிந்தது. விற்பனை 18,40,000. செலவு 15,78,000. லாபம் 2,62,000 என்று நோட்டு சொல்கிறது. கடைக் கணக்கில் இருப்பதோ 31,000. நவம்பரில் மாஸ்டர் சம்பளத்துக்கு என் செயினை அடகு வைத்து டிசம்பரில் மீட்டேன். லாபம் வந்த கடையில் ஏன் இப்படி? பணம் எங்கே போனது?

இன்னொன்று. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் சின்னக் கடை ஒன்று வருகிறது. அட்வான்ஸ் 3 லட்சம், வாடகை 22,000. அங்கே டீ, காபியும் போடலாம். நகையை வைத்து ஏப்ரல் சீசனுக்குள் எடுத்துவிடு என்கிறார் அண்ணன். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். மாத நோட்டுகளைப் போட்டோ எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நோட்டுக்கு ஒரு வணக்கம். 32 வருஷம் வங்கியில் இருந்தேன், அதில் 11 வருஷம் நீலகிரிக் கிளைகளில். கடன் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் கணக்கைத் தலைக்குள்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் பழைய பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் என்றாலும், ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். திரும்பி வந்த 11 கிலோ வர்க்கியைக்கூட "நமத்துப்போச்சு, வாபஸ்" என்று குறித்திருக்கிறீர்கள். இந்த நோட்டு இல்லையென்றால் உங்கள் கேள்விக்கு நான் ஜோசியம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பணம் எங்கேயும் போகவில்லை. உங்கள் நோட்டிலேயே வேறு வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. லாபம் 2,62,000, கையில் 31,000, ஆக 2,31,000 காணவில்லை என்கிறீர்கள். செலவில் கடன் வட்டியை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள், அது சரிதான். ஆனால் தவணையில் வட்டியோடு அசலும் போகிறது. இந்த வருஷம் அசலாக 47,600 கட்டியிருக்கிறீர்கள். ஆகஸ்டில் மாவு பிசையும் மிஷின் 85,000, அதைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறீர்கள். ரிசார்ட்காரர்கள் தரவேண்டியது 64,000. மைதா, சர்க்கரை, அச்சடித்த அட்டைப்பெட்டி என்று ஸ்டாக்கில் இருப்பது 22,400. கூட்டினால் 2,19,000. மீதி 12,000 நீங்கள் வீட்டுக்கு எடுத்தது. ஆடியில் தங்கைக்குக் கொடுத்தது என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். ஒரு ரூபாய் விடாமல் கணக்கு நேராகிவிட்டது.

லாபம் வேறு, கல்லாவில் இருக்கும் காசு வேறு. விற்ற அன்றே லாபம் பிறந்துவிடும், ஆனால் அது கைக்கு வருவதற்குள் மிஷினாகவும் மாவு மூட்டையாகவும் ரிசார்ட் மேனேஜரின் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பேச்சாகவும் மாறிவிடும். உங்கள் செயின் நவம்பரில் அடகுக்குப் போனதற்கும் இதுதான் காரணம். மிஷின் வாங்கியதைக் குறை சொல்லமாட்டேன், மாஸ்டர் ஒருவர் கையால் எத்தனை நாள் பிசைவார்? ஆனால் மே மாதத்துப் பணத்தை ஆகஸ்டில் மொத்தமாக மிஷினில் போட்டீர்கள். அதற்கு வங்கியிலேயே கேட்டிருக்கலாம். பத்து வருஷம் உழைக்கும் சாமானுக்கு மூன்று வருஷத் தவணை நியாயம். கைக்காசு மாஸ்டர் சம்பளத்துக்கும் மைதாவுக்கும் இருக்கவேண்டியது.

இனி கொஞ்சம் கசப்பான கணக்கு. இதைப் படித்துவிட்டு மனசு உடைய வேண்டாம், கடைசி வரை படியுங்கள்.

நோட்டில் மாஸ்டர் சம்பளம் இருக்கிறது, உதவிப் பெண்ணின் சம்பளம் இருக்கிறது. உங்கள் சம்பளம் எங்கே? காலை நாலரைக்கு அடுப்படியில் நிற்கிறவர், இரவு எட்டுக்குக் கவுண்டரைப் பூட்டுகிறவர், நடுவில் ஸ்கூட்டியில் குன்னூர் வரை பெட்டி கொண்டுபோகிறவர், இவர் வருஷம் முழுக்கச் சும்மா வேலை செய்திருக்கிறார். திருப்பூரில் வாங்கியதைவிட ஆயிரம் குறைத்து மாதம் 15,000 என்று போடுகிறேன். வருஷத்துக்கு 1,80,000. லாபத்தில் கழித்தால் மீதி 82,000. அடுப்பு இருக்கும் பின்கட்டுக்கு மாமனார் வாடகை கேட்பதில்லை. வெளியாள் இடமாக இருந்தால் 4,000 கொடுத்திருப்பீர்கள், வருஷத்துக்கு 48,000. மீதி 34,000. அடுப்பு, மிஷின், கண்ணாடி அலமாரி எல்லாம் சேர்த்து 4,85,000 ரூபாய்ச் சாமான். பத்து வருஷம் ஓடும் என்று வைத்தாலும் இந்த வருஷத் தேய்மானம் 48,500. கழித்தால் 14,500 குறைகிறது.

ஆக, கடை தன் காலில் ஏறக்குறைய நிற்கிறது. உங்களைத் தூக்கிச் சுமக்கும் பலம் அதற்கு இன்னும் வரவில்லை. முதல் வருஷத்துக்கு இது மோசமே இல்லை. என் மேஜைக்கு வந்த முதல் வருஷக் கணக்குகளில் இதைவிட நல்லதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் "2,62,000 லாபம் வரும் கடை" என்று நினைத்து ஊட்டிக்குப் போகிறவரும், "இப்போதுதான் நிற்கப் பழகிய கடை" என்று தெரிந்து போகிறவரும் ஒரே முடிவை எடுக்கமாட்டார்கள். உங்கள் அண்ணன் முதல் கணக்கை வைத்துப் பேசுகிறார். வீட்டுக்காரர் கணக்கே பார்க்காமல் பயத்தில் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவரையும் உட்காரவைத்து மேலே உள்ள பத்தியைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மாமியாரும் கூட இருக்கட்டும். சாயங்காலம் மூன்று மணி நேரம் ராகி பிஸ்கட் பாக்கெட் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், அந்தக் கூலியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சுற்றுலா ஊர்களில் கடன் மனு வந்தால், நான் முதலில் கேட்பது ஜூலை மாதத்து நோட்டு. மே மாதத்துக் கணக்கை யாரும் காட்டுவார்கள். மலர் கண்காட்சியும் காய்கறிக் கண்காட்சியும் நடக்கிற அந்த மாதத்தில், இங்கே கதவைத் திறந்து வைத்தாலே வியாபாரம்தான். இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். நீலகிரிக்கு வந்த புதிதில், சாக்லேட் கடைக்காரர் ஒருவர் ஏப்ரல், மே இரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டோடு வந்தார். எண்களைப் பார்த்து அசந்துபோய் ஜூனில் கடன் கொடுத்தேன், அவரும் பெரிய கடைக்கு மாறினார். டிசம்பரில் ஒரு நாள் அந்த வழியே போனபோது ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. தவறில் பாதி அவருடையது என்றால் மறுபாதி கையெழுத்துப் போட்ட என்னுடையது.

உங்கள் நோட்டுக்கு வருவோம். ஏப்ரல் 2,60,000. மே 3,40,000. ஜூன் 1,20,000. ஜூலை 70,000. இரண்டே மாதத்தில் வருஷ விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு நடந்திருக்கிறது. மாஸ்டர், உதவிப் பெண் சம்பளம் 28,000, கவுண்டர் வாடகை 8,000, வட்டி இரண்டாயிரத்துச் சொச்சம், இவை விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 38,600. நூறு ரூபாய்க்கு விற்றால் சரக்கு, விறகு, பேக்கிங் போக உங்களிடம் நிற்பது நாற்பது. அப்படியென்றால் மாதம் 97,000 விற்றால்தான் வரவும் செலவும் சரியாகும். ஜூலை 70,000, ஆகஸ்ட் 85,000, நவம்பர் 90,000, மூன்றும் அதற்குக் கீழே. ஜூலையில் மட்டும் சுமார் 11,000 ரூபாய் கைநஷ்டம்.

இப்போது அந்த 70,000-ஐப் பிரித்துப் பாருங்கள். கவுண்டரில் 27,000. ரிசார்ட்டுகள் ஒரு கிலோகூட வாங்கவில்லை. மீதி 43,000 யார்? உங்கள் கடிதத்தில் "பெரிய லாபம் இல்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அந்த ஒன்பது டீக்கடைக்காரர்கள். அவர்கள் இல்லையென்றால் ஜூலை நஷ்டம் 28,000-ஐத் தொட்டிருக்கும். மே மாதத்தில் அவர்கள் வாங்கியது 46,000, ஜூலையில் 43,000. மழையோ பனியோ, டூரிஸ்ட் வந்தாலும் வராவிட்டாலும், எஸ்டேட்டுக்குப் போகிறவர் காலையில் டீயோடு பன் தின்பார். அதிலும் அன்றன்றைக்குக் காசு. பன்னிரண்டு பக்கத்திலும் டீக்கடைப் பாக்கி என்று ஒரு வரிகூட இல்லை.

இந்தக் கடைக்கு அடித்தளம் அவர்கள்தான். மே மாதக் கூட்டம் மேலே பெய்கிற மழை, வந்தால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாம் வருஷத்துக்கு உங்களுக்கு நான் சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒன்பது டீக்கடையைப் பதினைந்தாக்க முடியுமா என்று பாருங்கள். அது நடந்தால் ஜூலை, ஆகஸ்ட், நவம்பர் மூன்றும் கோட்டுக்கு மேலே வந்துவிடும், செயின் கழுத்திலேயே இருக்கும். சேரிங் கிராஸ் அட்வான்ஸுக்குத் தேடுகிற 3 லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். விடியற்காலையில் சுற்றி வர ஒரு பழைய வண்டியும், கூட நாலு ட்ரேயும் போதும்.

உள்ளூர் கவுண்டர் வியாபாரத்தில் இன்னொன்றையும் கவனித்தேன், இது கொஞ்சம் ஊர்ப்பேச்சு. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கொஞ்சமாவது தேயிலை இருக்கும். ஃபாக்டரியிலிருந்து பச்சைத் தேயிலைப் பணம் வந்த வாரத்தில் கேக் போகிறது, விலை இறங்கிய மாதத்தில் பத்து ரூபாய் ராகி பிஸ்கட் பாக்கெட் மட்டும் போகிறது. உங்கள் நோட்டில் இது அப்படியே தெரிகிறது. மாத நோட்டின் மூலையில் அந்த மாதத்துப் பச்சைத் தேயிலை விலையையும் எழுதி வாருங்கள். அதேபோல டிசம்பரில் நடந்த 2 லட்சத்தில் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த வெளியூர்க்காரர் எவ்வளவு, படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் திரும்பியவர்கள் எவ்வளவு? எனக்கு நோட்டிலிருந்து பிரிக்கத் தெரியவில்லை, உங்களுக்கு முகம் தெரியும். ஊர்க்காரர் பங்கு பெரியது என்றால், அடுத்த டிசம்பருக்கு நவம்பரிலேயே ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராக, ஆர்டர் எடுக்கலாம்.

இனி சேரிங் கிராஸ்.

வாடகை 22,000. கவுண்டருக்கு ஒரு பெண், 13,000. இரண்டு கடைக்கும் ஒரே மாஸ்டரால் முடியாது, அடுப்பில் இன்னொரு ஆள், 15,000. கரண்டும், கோத்தகிரியிலிருந்து தினமும் சரக்கு ஏற்றும் செலவும் 8,000. ஆக மாதம் 58,000. நூற்றுக்கு நாற்பது நிற்கிற உங்கள் கணக்குப்படி, 1,45,000 விற்றால்தான் அது ஈடாகும். வருஷம் முழுக்க, ஒவ்வொரு மாதமும். உங்கள் கோத்தகிரிக் கடை இந்த அளவைத் தாண்டியது பன்னிரண்டில் ஐந்து மாதம்தான். நகைக்கடன் வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. சேரிங் கிராஸைச் சுற்றி வர்க்கியும் சாக்லேட்டும் விற்கிற கடைகளை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே வருகிறவருக்கு உங்கள் வர்க்கியும் பக்கத்துக் கடை வர்க்கியும் ஒன்றுதான். கோத்தகிரியில் உங்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

"கூட்டம் வரும்" என்று அண்ணன் சொல்வதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் சீசனில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பே வைத்தார்கள். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் அவர்கள் வர்க்கி வாங்க சேரிங் கிராஸுக்கு வருகிறவர்கள் இல்லை. சீசன் எப்படி இருக்கும் என்பது இனி வானத்தின் கையில் மட்டும் இல்லை. அது நம் மலைக்கு நல்லதுதான் என்பது என் எண்ணம். ஆனால் மே மாதத்தை மட்டுமே நம்பிக் கடன் வாங்குகிறவருக்கு அது பாதகம்.

அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடி மழை அதிகம், உங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை அதிகம். இரண்டு இடத்தில் கடை இருந்தால் ஒன்று படுக்கும்போது மற்றொன்று நிமிரும் என்று தோன்றும். தேயிலைக்கு அந்தக் கணக்கு சரி. டூரிஸ்ட் வியாபாரத்துக்குச் சரிப்படாது. ஜூலையில் கல்லாறு தாண்டி மேலே வருகிறவர்களே குறைந்துவிடுவதால் இரண்டு கடையும் ஒன்றாகவே படுக்கும்.

ஊட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு மட்டும், அங்கே ஏற்கெனவே நடக்கிற தைலக்கடையிலோ டீத்தூள் கடையிலோ ஒரு அலமாரி கேளுங்கள். விற்றதில் நூற்றுக்குப் பதினைந்து அவர்களுக்கு, மாலையில் கணக்கு. அட்வான்ஸும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். அங்கே எது போகிறது, என்ன விலை தாங்கும் என்று அறுபது நாளில் தெரிந்துவிடும். எனக்கென்னவோ ராகி பிஸ்கட்தான் போகும் என்று தோன்றுகிறது.

சீசனில் சேர்கிற பணத்தில் முதல் வேலை ஒன்று இருக்கிறது. போன ஏப்ரல், மே இரண்டு மாதமும் சேர்த்துச் செலவு போக உங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் நின்றது. இந்த முறை அதில் 1,30,000-ஐ ஜூன் முதல் வாரத்திலேயே வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சம்பளம், வாடகை, தவணை எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்கு உங்களுக்கு அவ்வளவுதான் வேண்டும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டையோ போனில் ஆப்போ வேண்டாம். 2009 நவம்பர் மழையில் மலை முழுக்க மண் சரிந்து பாதைகள் அறுந்தபோதும், 2020 ஊரடங்கின்போதும் நான் பார்த்தது இதுதான்: கடையை மறுபடி திறந்தவர்கள் பெரும்பாலும் இப்படித் தனியே கொஞ்சம் வைத்திருந்தவர்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன். பலர் வெறும் பயந்த சுபாவக்காரர்கள்.

ரிசார்ட் பாக்கி 64,000 பற்றி. முதலில் விலை. கடையில் கிலோ 220-க்கு விற்கும் வர்க்கியை அவர்களுக்கு 165-க்குக் கொடுக்கிறீர்கள். சரக்கு, விறகு, பேக்கிங் 132 போனால் 33 ரூபாய். அதிலிருந்துதான் மாஸ்டர் கூலி, ஸ்கூட்டிக்குப் பெட்ரோல், இரண்டு மாதக் காத்திருப்பு எல்லாம். இது வியாபாரமே இல்லை, கைமாற்று. 180-க்குக் குறைத்துத் தரமுடியாது என்று சொல்லிப் பாருங்கள். நாலில் இரண்டு பேர் விலகினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

பாக்கியை வசூலிக்க ஒரு சட்டம் இருக்கிறது, சிறு உற்பத்தியாளர்கள் பலருக்கு அது தெரிவதில்லை. உத்யம் என்ற சிறு தொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். இணையத்தில் ஆதாரும் பானும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. யாராவது இரண்டாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உங்களைப் போன்ற குறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. வழக்குக்குப் போகச் சொல்லவில்லை, நாலு ரிசார்ட்டோடு நீங்கள் ஊரில் வாழவேண்டும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே பாதி வேலை நடக்கும். ஏனென்றால், இப்படிக் கெடு தாண்டித் தராமல் வைத்திருக்கும் தொகையை அந்த வருஷச் செலவாக அவர்கள் வருமான வரியில் காட்டமுடியாது. முறையாகக் கணக்கு வைக்கும் ரிசார்ட்டாக இருந்தால் மார்ச்சில் அவர்களுடைய ஆடிட்டரே மேனேஜரைத் துரத்துவார். பதிவு செய்தபின் கொடுக்கும் சரக்குக்குத்தான் இந்தப் பலம், அதனால் இந்த வாரமே செய்யுங்கள்.

வரி விஷயத்தில் நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். பெங்களூர் கூரியரை உடனே நிறுத்திவையுங்கள். உள்ளூரில் பொருள் மட்டும் விற்கிறவருக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், உங்கள் 18,40,000 அதற்குள் அடக்கம். ஆனால் வரிக்கு உட்பட்ட பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், தொகை ஆயிரம் ரூபாய் என்றாலும் பதிவு வேண்டும். வெளி மாநிலத்துக்கு அனுப்புகிறவர் காம்போசிஷன் என்ற எளிய திட்டத்திலும் சேரமுடியாது. உங்கள் நோட்டின்படி வருஷம் முழுக்கக் கூரியரில் போனது 38,000. இதற்காகத் தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யும் தலைவலி தேவையா என்று நீங்களே பாருங்கள். நாளைக்கு அந்த வியாபாரம் பெரிதானால் தாராளமாகப் பதிவு செய்யலாம். பிஸ்கட், கேக் வகைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரியும் 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

டீ, காபி போடும் யோசனைக்கும் இதில் ஒரு முடிச்சு உண்டு. உட்காரவைத்து டீ கொடுத்தால் அது சேவை. பொருளோடு சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சமாகக் குறைந்துவிடும். எத்தனை கடை வைத்தாலும் உங்கள் பான் எண் ஒன்றுதான், விற்பனையும் ஒன்றாகவே கூட்டப்படும். ஊட்டிக் கடையும் சேர்ந்தால் அந்த நிதியாண்டு முடிவதற்குள்ளேயே நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். உங்கள் அண்ணனிடம் இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மற்றபடி வருமான வரி வராவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடுங்கள். அடுத்த கடனுக்கு என்னைப் போன்ற ஆள் முதலில் கேட்பது அதைத்தான், அப்புறம் ஜூலை நோட்டை.

நமத்துப்போன வர்க்கிக்கு: பிளாஸ்டிக் தடையை மதித்துப் பேப்பர் பையில் போடுகிறீர்கள், நல்லது. நம் மலை ஈரத்துக்கு அது இரண்டு நாள்கூடத் தாங்காது. ஜூன் முதல் நவம்பர் வரை வர்க்கியைத் தினமும் கொஞ்சமாகப் போடுங்கள். கவுண்டரில் மூடி இறுகிய தகர டின்னில் வைத்து, கேட்கும்போது நிறுத்துக் கொடுங்கள். வீட்டிலிருந்து டின் கொண்டுவருகிறவருக்கு ஐந்து ரூபாய் குறையுங்கள். பழைய பேக்கரிகள் இப்படித்தான் விற்றன.

உங்கள் சம்பளத்தை ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். மாதம் 15,000 எடுக்க முடியாத மாதத்தில் 6,000 எடுங்கள், மீதி 9,000 கடை உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி என்று நோட்டில் ஏற்றுங்கள். அடுத்த பிப்ரவரியில் அந்தப் பாக்கி எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள், ஊட்டிக் கடை பற்றி அப்போது பேசுவோம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஜனவரி நோட்டில் ஒன்பது டீக்கடை இருக்கிறது, பிப்ரவரியில் எட்டுதான் இருக்கிறது. தினமும் அறுபது பன் எடுத்தவர், 9-ஆம் தேதியோடு நின்றுவிட்டார். ஏன் என்று நோட்டில் இல்லை. யாரையும் அனுப்பாமல் நீங்களே ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கடைக்குப் போய், ஒரு டீ சொல்லிவிட்டு, இப்போது யாருடைய பன் வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.